சனிக்கிழமைக் கூழ்: லாச்சப்பலில் ஓர் உணவகமும் அதன் அடுப்படிக்கு வந்த பாதைகளும்

பாரிஸ் வடக்குத் தொடருந்து நிலையத்தில் இறங்கி, ஃபோபூர் சென் தெனி வீதி வழியாக லாச்சப்பல் மெத்ரோவை நோக்கி நடப்பவர், புடவைக் கடைகளையும் நகைக் கடைகளையும், முருங்கைக்காயும் பிஞ்சுக் கத்தரிக்காயும் பெட்டிபெட்டியாக வாசலில் அடுக்கியிருக்கும் மரக்கறிக் கடைகளையும் கடந்து, பத்து நிமிடத்துக்குள் தமிழர் கடைத்தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்துவிடலாம். அந்த வீதியிலிருந்து பிரியும் ஒடுக்கமான தெரு ஒன்றில், ஆறு மேசைகளும் இருபத்திரண்டு கதிரைகளும் கொண்ட ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக அங்கே சாப்பிட்டு வருகிற எனக்கு அதைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. உரிமையாளரிடம் கேட்டபோது, சாப்பாட்டைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாம், தாங்கள் வந்த கதையையும் எழுதலாம், ஆனால் கடையின் பெயரும் ஆட்களின் பெயரும் வரக்கூடாது என்றார். அந்தச் சொல்லைக் காக்கிறேன். சனிக்கிழமைகளில், காயவைத்த பனங்கிழங்கின் மாவில் செய்யும் ஒடியல் கூழைக் காய்ச்சும் கடை எது என்று அத்தெருவில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

கூழிலிருந்தே தொடங்குகிறேன், இந்தக் கடையின் தரத்தை அளக்க அதுவே சரியான கோல். ஒடியல் மாவை நேரத்தோடு ஊறப்போட்டு, மேலே தெளியும் நீரை இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றாவிட்டால் கசப்பு இறங்காது. அளவுக்கு மீறி வடித்தால் பனங்கிழங்கின் மணமும் அதோடு போய்விடும். இங்கே வெள்ளி இரவே மா ஊறிவிடுகிறது. சனி காலை எட்டு மணிக்குப் பெரிய அலுமினியப் பானையில் நண்டு, கணவாய், றால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி அவிகின்றன. பதினொரு மணியளவில் கரைத்த மாவும் பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்கின்றன. கடைசியில் ஒரு பிடி முருங்கையிலை. கோப்பையில் ஊற்றும்போது அகப்பையிலிருந்து அறுந்து விழாமல் இழையாக இறங்கும் பதம். முதல் வாயில் புளி தெரியும், அதற்குப் பின்னால் மிளகாய் வரும், விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் மிக இலேசாக ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்பு நிற்கவேண்டும். அது இல்லாவிட்டால் நாம் குடிப்பது மீன் சூப்பே தவிரக் கூழ் அல்ல. மீனை வாங்க உரிமையாளர் வெள்ளிக்கிழமை விடியுமுன்பே ரன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய்விடுவார். மாவை ஊரிலிருந்து வருகிறவர்கள் பொதியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒரு கோப்பை 12 யூரோ. அந்த விலைக்கு இவ்வளவு நண்டு போடுகிற இடத்தைப் பாரிஸில் நான் வேறெங்கும் காணவில்லை.

கிழமை நாட்களில் மத்தியானச் சோறு 9 யூரோ: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு மீன் அல்லது ஆட்டிறைச்சிக் கறி, சம்பல், அப்பளம். இவற்றுள் ஆட்டிறைச்சிக் கறிக்குத் தனி இடம் உண்டு. உரிமையாளர் இந்தக் கடையைத் தொடங்குமுன் பத்தொன்பது ஆண்டுகள் பிரெஞ்சு உணவகங்களின் அடுப்படியில் நின்றவர். கோப்பை கழுவுகிறவராகச் சேர்ந்து, இரண்டாம் சமையற்காரராக வெளியே வந்தவர். இறைச்சியைத் துண்டுதுண்டாக எண்ணெயில் நிறம் மாறும்வரை பிரட்டியெடுத்து, சட்டியின் அடியில் ஒட்டியதைச் சிறிது நீர் விட்டுச் சுரண்டிக் குழம்பில் சேர்க்கும் முறையை அங்கே கற்றார். அதன்மேல் வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளும் பெருஞ்சீரகமும் ஏறும்போது உண்டாகிற கனம், ஊரிலும் கிடைக்காது, பிரெஞ்சுக் கடையிலும் கிடைக்காது. மாலையில் கிடைக்கும் இடியப்பமும் சொதியும் மென்மையானவை. கொத்து ரொட்டியில் எண்ணெய் அதிகம். இளையவர்கள் அதற்காகவே வருகிறார்கள் என்பதால் அது மாறப்போவதில்லை.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை, என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சு நண்பர் ஒருவரைக் கூழுக்கு அழைத்துப் போயிருந்தேன். நல்ல மனிதர், கேட்பதைத் தயங்காமல் கேட்பவர். கோப்பையை முடித்த பிறகு, மேசையைத் துடைக்க வந்த உரிமையாளரிடம், உலகில் எத்தனையோ நாடுகள் இருக்க நீங்கள் ஏன் பிரான்ஸைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டார். உரிமையாளருக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பி, "இதை நீ வடிவாச் சொல்லிவிடு தம்பி. நான் பிரான்சுக்கு எண்டு வெளிக்கிடேல்லை. லண்டனுக்கு வெளிக்கிட்டனான். காசு முடிஞ்ச இடம் இது, வேலை கிடைச்ச இடமும் இதுதான்" என்றார்.

தஞ்சம் கேட்டு வருகிறவர்கள் நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, சலுகை அதிகமான இடத்தைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நேர்முக விசாரணைகளில் மொழிபெயர்ப்பு உதவிக்காகச் சிலரோடு போய்வந்த எனக்கு, எந்த வழியாக வந்தீர்கள், கடந்துவந்த நாட்டில் ஏன் தஞ்சம் கேட்கவில்லை என்ற கேள்விகள் மனப்பாடம். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் அமைதியாக அமர்ந்து ஆலோசித்து எடுத்த ஒரு முடிவு இருப்பதாகக் கேட்பவர் நினைக்கிறார். இந்தக் கடையில் வேலை செய்கிற மூவரின் கதையில் அப்படியொரு முடிவை நான் காணவில்லை. ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்தவர்களும் அல்லர். எந்த ஆண்டில் எந்தக் கதவு திறந்திருந்தது, கையில் இருந்த பணம் எவ்வளவு தூரத்துக்குக் காணும், அங்கே முன்பே யார் போய்ச் சேர்ந்திருந்தார்கள் என்பவற்றுக்குள் அகப்பட்டதை அவர்கள் பற்றிக்கொண்டார்கள்.

உரிமையாளர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு வீட்டிலிருந்த இளைஞர்களை எப்படியாவது வெளியே அனுப்பிவிடவேண்டும் என்று எல்லாக் குடும்பங்களும் தவித்த காலத்தில், தாயார் தோட்டக் காணியை விற்றுக் கொடுத்த பணத்தோடு 1984 கடைசியில் கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்கு விமானம் ஏறினார். ஏன் கிழக்கு பேர்லின்? அன்றைக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. கிழக்கு ஜேர்மனி இடைவழி விசாவில் ஆட்களை இறங்கவிட்டது. ஷோனஃபெல்ட் விமான நிலையத்திலிருந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராசே நிலையம்வரை வந்து நகர்த் தொடருந்தில் ஏறினால் அடுத்த சில நிமிடங்களில் மேற்கு பேர்லின். மேற்கு நாடுகள் நகரத்தை அறுத்த அந்தக் கோட்டை நாட்டெல்லையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டைப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஜேர்மனியை விரும்பியவர்கள், விரும்பாதவர்கள் என்ற பேதமில்லாமல் அந்த ஆண்டுகளில் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அவ்வழியே வந்தார்கள். 1985 நடுப்பகுதியில் கிழக்கு ஜேர்மனி, மேற்கின் வற்புறுத்தலால், மேற்கு ஜேர்மனிக்கு விசா இல்லாத தமிழர்களை ஏற்றிச்செல்வதை நிறுத்தியது. அதோடு அந்தப் பாதை அடைபட்டது. ஆறு மாதம் பிந்தி வெளிக்கிட்டிருந்தால் உரிமையாளர் வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் கடை நடத்திக்கொண்டிருப்பார்.

மேற்கு ஜேர்மனியில் அவர் பதினான்கு மாதம் இருந்தார். தங்க இடம் கிடைத்தது, சாப்பாடும் கிடைத்தது. வேலை செய்ய அனுமதி இல்லை, ஒதுக்கப்பட்ட பகுதியைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. ஊரில் தங்கைகள் இருவர் இருக்க, விற்ற காணியின் பணத்தை மீட்டெடுக்கவேண்டிய மூத்த ஆண்பிள்ளைக்கு அந்தச் சும்மா இருப்பு தாங்கமுடியாததாக இருந்தது. "படுக்கையும் பாணும் தந்தவை, கையைக் கட்டிப்போட்டினம்" என்று அவர் சொன்னபோது, சலுகைக்காக வருகிறார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சலுகை இருந்த இடத்தைவிட்டு வேலை இருந்த இடத்துக்குப் போனவர் அவர். அவரோடு முகாமில் இருந்த பலரும் அப்படியே கிளம்பினார்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை ஒரு மீன்பிடிப் படகு கண்டு காப்பாற்றியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவர்களும் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்களே. ஓரளவு பாதுகாப்பான நாட்டிலிருந்து அட்லாந்திக் கடலின் நடுவே இறங்கும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது, வேலையும் எதிர்காலமும் இல்லாத காத்திருப்பும், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும்தான்.

அந்தக் காலத்தில் கனடாவின் பெயர் நம்மவர் வாயில் ஓங்கி ஒலித்ததற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. 1985 ஏப்ரல் 4ஆம் நாள் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், சிங் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், கனேடிய மண்ணில் நிற்கிற அகதிக் கோரிக்கையாளர் எவரும் நேரில் வாய்மொழியாகக் கேட்கப்படவேண்டும் என்று சொன்னது. தீர்ப்பின் வாசகத்தை முகாமில் எவரும் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் அதன் விளைவு கனடா போய்ச் சேர்ந்தவர்களின் தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தது. கனடாவில் நம்முடைய பேச்சைக் கேட்கிறார்கள் என்ற ஒரு வரி போதும். அப்படிப் போனவர்களில் ஒருவர் ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் குடியேறினால், மூன்று ஆண்டில் தம்பி, ஐந்து ஆண்டில் மச்சான், பிறகு ஒரு பலசரக்குக் கடை, ஒரு கோயில். கடைசியில் அந்த நகரமே ஒரு காரணமாகிவிடுகிறது.

உரிமையாளருக்கு அந்த அளவு பணம் இருக்கவில்லை. லண்டனில் ஒரு சித்தப்பா இருந்தார், பள்ளிக்கூட ஆங்கிலம் இருந்தது, ஆகவே லண்டன். அதற்குள் 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியிருந்தது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு அது இப்படிக் கதவைச் சாத்தியது அதுவே முதல் தடவை. பாரிஸ்வரை வந்து, கலேயில் ஒருமுறை திருப்பப்பட்டு, இரண்டாம் முறைக்குப் பணம் சேர்க்கலாம் என்று இந்தத் தெருவுக்கு அருகில் ஓர் அறையில் ஏழு பேரோடு தங்கினார். அறையில் இருந்தவர்களில் ஒருவர் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். மறுநாளே இவரையும் கூட்டிப்போனார். அன்றைய பிரான்ஸில் தஞ்சம் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் சட்டப்படி வேலை செய்யலாம். 1991 செப்டெம்பரில் ஒரு சுற்றறிக்கை மூலம் அந்த உரிமை பறிக்கப்படும்வரை அப்படியே இருந்தது. பாரிஸின் உணவக அடுப்படிகளில் இவ்வளவு தமிழர் எப்படி வந்தார்கள் என்று வியப்பவர்களுக்கு, அந்தச் சில ஆண்டுகளின் வேலை அனுமதியைக் காட்டினால் பாதிப் பதில் கிடைத்துவிடும். பிறகு ஒப்ரா என்று நாம் அழைக்கும் அகதிகள் அலுவலகம் அவருக்கு அந்தஸ்துக் கொடுத்தது. பத்து வருட வதிவிட கார்ட் கைக்கு வந்தது. லண்டன் மெல்ல மெல்லக் கனவிலிருந்து கழன்றது.

அவருடைய உடன்பிறப்புகள் இன்று நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். இளைய தம்பி நோர்வேயில். அது எப்படி என்று கேட்டேன். 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்குப் போன அந்தோனி இராஜேந்திரம் என்பவர் பின்னாளில் காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தொடர்பினால், மற்ற வாசல்கள் சாத்தப்பட்ட காலத்திலும் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவராகப் போகும் ஒரு வழி யாழ்ப்பாணத்தவருக்குத் தெரிந்திருந்தது. தம்பி அப்படிப் போய், வட கோடியிலுள்ள ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பனியும் இருட்டும் நிறைந்த அந்தக் கரையைத் தமிழ் இளைஞர் எவரும் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்திருக்கமாட்டார். ஒரு மனிதர் முப்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒற்றையடிப் பாதை அது.

மூத்த அக்காவின் கதை வேறு. அவர் 1990இல் மூன்று பிள்ளைகளோடு மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார். விமானச் சீட்டுக்கோ ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்சிக்கோ கொடுக்கப் பணமில்லாத குடும்பங்களுக்குப் படகுக் கூலி மட்டுமே எட்டியது. 1983க்குப் பிறகு பல அலைகளாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மண்டபம் முகாம்தான் பலருக்கு முதல் வாசல். மொழி ஒன்று, கடல் சிறிது, கும்பிடும் கோயில்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில்கூடப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டு அரசு 2021இல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதை அக்கா மகிழ்ச்சியோடு தொலைபேசியில் சொன்னாராம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் காணி விற்ற காசு யாருக்குக் கிடைத்ததோ அவர் ஐரோப்பாவில், கிடைக்காதவர் முகாமில். இதைச் சொல்லும்போது உரிமையாளர் மேசைத் துணியை மடித்து மடித்து மிகச் சிறிதாக்கிவிட்டார். உலகத்து அகதிகளில் பெரும்பாலோர் அயல்நாட்டுக்குமேல் போவதில்லை என்ற உண்மை, பாரிஸிலோ லண்டனிலோ நடக்கும் பேச்சுகளில் ஏன் இவ்வளவு அரிதாகக் காதில் விழுகிறது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அடுப்படியில் இடியப்பம் பிழிகிற அக்கா உரிமையாளரின் மனைவி. அவர் 1994இல் குடும்ப இணைவு விசாவில் வந்தவர். நான் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டதற்கு, "இவர் இருந்த இடத்துக்கு வந்தனான். அது எந்த நாடெண்டு ஆர் யோசிச்சது?" என்று சொல்லிவிட்டு உரலைத் திருகினார். அவருடைய இடியப்பத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும்: இழை மெல்லியது, தட்டில் எடுத்தால் ஒட்டாமல் பிரிகிறது, சொதியை ஊற்றினால் குழைவதில்லை. பெரிய கடைகளில் இயந்திரம் பிழிகிற காலத்தில் கையுரலில் பிழிகிறவர்கள் அருகிவிட்டார்கள்.

மூன்றாமவர் இளைஞர், கொத்து ரொட்டிக்குப் பொறுப்பானவர், இப்போது கூழுக்கும் அவரே. கிளிநொச்சிப் பக்கம். 2013இல் வெளிக்கிட்டார். "ஏஜென்சிக்காரன் கனடா எண்டுதான் காசு வாங்கினவன் அண்ணை. பாரிசில ஒரு கிழமை நிக்கவேணும், பிறகு ஏத்துவம் எண்டு சொல்லிப் பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு போனவன்தான்." புறநகர் லா கூர்னவில் ஒரு தொடர்மாடி வீட்டில் பதினொரு நாள் காத்திருந்து, தொலைபேசி ஓய்ந்த பிறகு, பன்னிரண்டாம் நாள் விசாரித்து விசாரித்து லாச்சப்பலுக்கு வந்தார். பிரான்ஸைப் பற்றி அப்போது அவருக்குத் தெரிந்தது ஈபிள் கோபுரமும் உதைபந்தாட்டக்காரர் இருவரின் பெயரும் மட்டுமே. பிரித்தானிய உள்துறை அமைச்சு 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தஞ்சம் கேட்டு வந்த 65 பேரை விரிவாக நேர்கண்டு இதே விடயத்தை ஆராய்ந்திருந்தார்கள். எங்கே போய்ச் சேர்வது என்பதில் ஏஜென்சிகளின் கை பெரிது. உறவினர் இருப்பதும் மொழியும் அந்த நாட்டைப் பற்றிய பொதுவான மதிப்பும் அதற்கு அடுத்தவை. உதவிப்பணம், வீட்டு வசதி, விசாரணை நடைமுறை பற்றி வருமுன்பே விவரமாக அறிந்தவர்கள் மிகக் குறைவு. அரசாங்கமே கேட்டு வாங்கிய அந்த முடிவு அரசியல்வாதிகளின் பேச்சை மாற்றவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உதவிப்பணம் என்று பேசும்போது இந்தக் கடையின் விலைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரான்ஸில் தஞ்சம் கேட்டிருக்கும் தனி ஆளுக்கு நாளொன்றுக்கு 6.80 யூரோ, தங்குமிடம் கொடுக்கப்படாதவருக்கு மேலும் 7.40 யூரோ. இங்கே ஒரு மத்தியானச் சோறு 9 யூரோ. முடிவு வராமல் ஆறு மாதம் கழிந்த பிறகே வேலைக்கு அனுமதி கேட்கலாம். அந்த ஆறு மாதத்தில் இருப்பவர்கள் என்று தெரிந்தால் உரிமையாளர் 5 யூரோ மட்டும் வாங்குகிறார். அதை எங்கும் எழுதி ஒட்டவில்லை. இளைஞரின் கோரிக்கையை ஒப்ரா நிராகரித்தது. பாரிஸின் புறநகரான மொன்ட்ரேயில் உள்ள தேசியத் தஞ்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்து 2016இல் வென்றார். இன்று கனடாவுக்கு யாராவது இலவசமாக ஏற்றிவிட்டால் போவீர்களா என்று கேட்டேன். போகமாட்டாராம். மெத்ரோத் தடங்கள் எல்லாம் இப்போது அவருக்கு மனப்பாடம். தெரிவு என்று ஒன்று இருந்தால் அது அவருக்கு வந்து சேர்ந்த பிறகே வாய்த்திருக்கிறது.

இந்தக் கடைக்கு அருகில்தான், லாச்சப்பல் மெத்ரோவின் மேம்பாலத்துக்குக் கீழே, 2014 கோடையிலிருந்து சூடானியரும் எரித்திரியரும் கூடாரங்களில் இருந்தார்கள். 2015 ஜூன் 2ஆம் நாள் காவற்துறை அந்த முகாமை அகற்றியது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் இரவு மிஞ்சுகிற சோற்றையும் பருப்பையும் கடைக்காரர்கள் பெரிய சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார்கள். நானும் இரண்டு இரவு கூடப் போனேன். சூடானிய இளைஞர் ஒருவர் தூய ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, தாம் பர்மிங்காமுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அங்கே ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார், ஆங்கிலம் தெரியும், பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. 1956வரை பிரித்தானியர் கை ஓங்கியிருந்த நாட்டில் பிறந்த அவருக்கு, பள்ளிக்கூடத்தில் படித்த மொழியே வடக்கு நோக்கிய வழிகாட்டி. அதைவிடப் பெரிய தடை அவருடைய விரல்களில் இருந்தது. இத்தாலியில் கரையேறியபோது விரலடையாளம் எடுத்துவிட்டார்கள். டப்ளின் விதியின்படி முதலில் பதியப்பட்ட நாடே பொறுப்பு. பிரான்ஸில் கேட்டாலும் இத்தாலிக்கே திருப்பலாம், பிரித்தானியாவிலும் அன்று அதே விதி. அவர் அதை அறிந்தே இருந்தார். அறிந்தும் அண்ணனிடம் போகவே விரும்பினார். சட்டியை வடித்துக்கொண்டு திரும்பும்போது உரிமையாளர், "எங்கட எண்பத்தஞ்சாம் ஆண்டு மாதிரித்தான். ஆனா எங்களிட்ட ஒருத்தரும் விரல் கேக்கேல்லை" என்றார்.

அரசுகளின் முடிவுகளால் எதுவும் மாறுவதில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2013 செப்டெம்பரில் சுவீடன் சிரியருக்கு நிரந்தர வதிவிட உரிமை தருவதாக அறிவித்ததும், 2015 ஆகஸ்டில் ஜேர்மனி சிரியர்களை டப்ளின் விதிப்படி திருப்பி அனுப்பப்போவதில்லை என்று சொன்னதும் பாதைகளைத் திருப்பின. பெருந்தொகையானவர்கள் ஏற்கெனவே வழியில் நின்றார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அந்த அறிவிப்புகள் காட்டின. கதவு திறப்பதும் சாத்துவதும் ஆட்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தள்ளுகின்றன. ஊரைவிட்டுக் கிளம்பவைப்பது வேறு. கிளிநொச்சி இளைஞரை வெளிக்கிடவைத்த விடயங்களை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவற்றில் பிரான்ஸின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை.

கடைக்குத் திரும்புகிறேன். குறைகளையும் சொல்லவேண்டும். ரோல்ஸும் பற்றிஸும் காலையில் பொரித்தவை. மாலையில் மைக்ரோவேவில் சூடாக்கித் தருவதால் மொறுமொறுப்புப் போய்விடுகிறது, மாலையில் அவற்றை வாங்கவேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் கிழமை நாட்களில் கறிகள் நன்றாகவே இருக்கின்றன. சனிக்கிழமைகளில் கடை முழுவதும் நண்டும் கணவாயும் மணப்பதால் அவர்கள் வேறு நாளில் வருவது நல்லது. ஒரு மணிக்குப் பிறகு வந்தால் இடத்துக்குக் காத்திருக்கவேண்டும், பரிமாறுவது ஒருவரே என்பதால் தண்ணீருக்குக்கூட இரண்டுமுறை கேட்கவேண்டியிருக்கும். 10 யூரோவுக்குக் குறைவான தொகைக்கு வங்கி அட்டை எடுக்கமாட்டார்கள். கழிப்பறை படிக்கட்டின் கீழே, மிகச் சிறியது. முதியவர்களைக் கூட்டிவருகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். குழந்தைகளுக்கு உறைப்பில்லாமல் கேட்டால், சொதியும் முட்டையும் பிசைந்து அக்காவே செய்து தருவார்; பட்டியலில் அது இல்லை, காசும் எடுப்பதில்லை.

போன மாதம் உரிமையாளருக்கு முழங்கால் வலி. அன்றைய கூழை இளைஞர் தனியாகக் காய்ச்சினார். மா வடித்த பதம் சரி, புளி சற்று முந்திவிட்டது. உரிமையாளர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, அடுத்த கிழமை மிளகாயை முதலில் போடு என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமை அது சரியாக வந்தது. நான் இரண்டு கோப்பை குடித்தேன். கூழ் பன்னிரண்டு மணிக்குத் தயாராகிறது, ஒன்றரைக்குப் பானை காலியாகிவிடும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் முதல்நாளே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள்.